மா என்னும் ஓரெழுத்துச் சொல்லும் அதன் பல வேர்களும்

திருகோணமலை சீனக்குடாவில் கடலோரமாக நிற்கும் பிரீமா ஆலையில், கப்பலில் வந்திறங்கும் கோதுமை 1980ஆம் ஆண்டிலிருந்து அரைக்கப்பட்டு நாடெங்கும் அனுப்பப்படுகிறது. அரைத்து வருவதை நாம் மா என்கிறோம்; தமிழ்நாட்டில் அதையே மாவு என்பார்கள். கோதுமை மா, அரிசி மா, குரக்கன் மா, உழுத்தம் மா என்று தானியத்தின் பெயரோடும், பச்சை மா, வறுத்த மா, அவித்த மா என்று பக்குவத்தின் பெயரோடும் இது இங்கே வழங்குகிறது. பெட்டியில் அடைத்து வரும் பாற்பொடிகூட நமக்குப் பால்மாதான். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்திலுள்ள மாப்பொருளும் இதே சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது.

பத்திரிகையில் ‘மா விலை உயர்வு’ என்று தலைப்பு வருவது இந்த நாட்டில் அரிதன்று. அதில் ஓர் இடைவெளி விடுபட்டால் வாசலில் தோரணமாகக் கட்டும் மாவிலை வந்துவிடும். காதால் கேட்கும்போது அந்த இடைவெளியும் இல்லை, இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆனாலும் கேட்பவர் எவரும் தடுமாறுவதில்லை, ஏனென்றால் கடையில் நிற்கும்போது எது பேசப்படுகிறது, கலியாண வீட்டில் நிற்கும்போது எது பேசப்படுகிறது என்பது சொல்லுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இங்கே எழும் கேள்வி வேறு. அரைபடும் மாவும் காய்க்கும் மாவும் ஒரே சொல்லின் இரண்டு பொருள்களா, அல்லது தற்செயலாக ஒலி ஒத்துப்போன இரண்டு சொற்களா? இதைத் தமிழுக்குள் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. தமிழும் சிங்களமும் அரபுத் தொடர்களும் ஒரே சந்தையில் காதில் விழும் ஒரு மாவட்டத்தில், மொழிகளுக்கிடையே கேட்பதற்கு வேறொரு முறை வேண்டும்.

ஓரெழுத்தே சொல்லாக நிற்பதைத் தமிழ் இலக்கணம் தொடக்கத்திலேயே கவனித்திருக்கிறது. நன்னூல் இத்தகைய ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று கணக்கிட்டு, அவற்றில் மகர வரிசைக்கு மட்டும் மா, மீ, மூ, மே, மை, மோ என ஆறு இடங்களைக் கொடுக்கிறது. தமிழின் உயிர்மெய் எழுத்துகள் மொத்தமே 216. அவற்றில் நெட்டெழுத்துகள் 126. ஒரு மொழிக்கு வேண்டிய பொருள்களோ ஆயிரக்கணக்கானவை. எனவே ஓரெழுத்தாகக் குறுகி நிற்கும் ஒரு சொல்லின் மேல் பல பொருள்கள் வந்து ஏறுவதைத் தவிர்க்கவே முடியாது. மா என்பதற்கு அகராதியைத் திறந்தால் மாமரம், அரைத்த பொடி, விலங்கு, குதிரை, பெருமை, கருமை, திருமகள், இருபதில் ஒரு பங்கு என்று பொருள்கள் நீண்டுகொண்டே போவதற்கு இதுவே முதற்காரணம். இவற்றையெல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள் என்று கருதி, பெரியது என்பதால் மாமரம், கரியது என்பதால் விலங்கு என்று முடிச்சுப் போடும் விளக்கங்கள் நம்மிடையே நிறைய உலவுகின்றன. கேட்க இனிமையாக இருந்தாலும் அவை சொல்லின் நடத்தையைப் பார்க்காமல் பொருளை மட்டும் வைத்துக் கட்டப்பட்டவை.

சொல்லின் நடத்தை என்பது அது அடுத்த சொல்லோடு எப்படிப் புணர்கிறது என்பது. தொல்காப்பியத்தின் உயிர்மயங்கியலில் மாமரத்தைக் குறிக்கும் சொல்லும் விலங்கைக் குறிக்கும் மாவும் ஒரே நூற்பாவில் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. அப்படி வைத்துவிட்டு, இரண்டும் வருமொழியோடு வெவ்வேறு விதமாகச் சேரும் என்று அந்த நூற்பா பிரித்துச் சொல்கிறது. மரத்தின் கிளை என்றால் மெல்லெழுத்து வந்து மாங்கோடு ஆகும். விலங்கின் கொம்பு என்றால் னகரம் வந்து மான்கோடு ஆகும். எழுதினால் ஒரே எழுத்து, ஒலித்தால் ஒரே ஒலி, ஆயினும் பேசுபவர்களின் மனத்தில் இவை இரண்டு சொற்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடவில்லை, இன்றைய பேச்சிலும் இருக்கிறது. மரமாகிய மா, மாங்காய், மாங்கன்று, மாம்பழம், மாம்பூ, மாந்தளிர் என்று வல்லெழுத்துக்கு முன் எப்போதும் மூக்கொலியோடு சேர்கிறது. பொடியாகிய மா அப்படிச் சேர்வதே இல்லை. மாக்கோலம், மாப்பொருள், மாச்சத்து என்று வல்லெழுத்தை இரட்டிக்கிறது. பெருமை குறிக்கும் மா பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இயல்பாக நிற்கும்: மாபெரும், மாநாடு, மாமன்னர். நமக்குக் கிழக்கே விரிந்திருப்பதை இந்து மாக்கடல் என்று எழுதும்போது மட்டும் அது ககரத்தை இரட்டித்துக்கொள்கிறது, அதுவும் பழைய வழக்கே. மாங்கோலம் என்றோ மாக்காய் என்றோ ஒரு சிறு பிள்ளைகூடத் தவறிச் சொல்வதில்லை. எந்த மா எப்படிச் சேரும் என்பதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. எனக்கு இது தமிழின் மிக அழகான நுட்பங்களில் ஒன்றாகத் தோன்றுகிறது. தனியாக நிற்கும்போது ஒலியில் ஒன்றாகிவிட்ட சொற்கள், இன்னொரு சொல்லைத் தொட்டவுடன் தம் வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றன. அயல் திராவிட மொழிகளும் இதற்குச் சாட்சி. மாமரம் கன்னடத்தில் மாவு, தெலுங்கில் மாமிடி. ஆனால் பொடியைக் கன்னடர் ஹிட்டு என்றும் தெலுங்கர் பிண்டி என்றும் சொல்கிறார்கள். மலையாளத்திலோ மரமும் மாவு, பொடியும் மாவு.

விலங்காகிய மா தனிச்சொல்லாகப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. சிங்கத்தைக் குறிக்கும் அரிமாவில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாவும் மாக்களும் ஐயறிவுடையவை என்று தொல்காப்பியம் சொல்வதும், செவியின் சுவையை உணராமல் வாயின் சுவையை மட்டும் அறிந்தவர்களை வள்ளுவர் மாக்கள் என்பதும் இந்தச் சொல்லைக் கொண்டே. மக்கள் என்பதற்கும் மாக்கள் என்பதற்கும் இடையில் ஒரு மாத்திரைதான் வித்தியாசம். திராவிட வேர்ச்சொல் அகராதி இந்த மாவோடு மான் என்னும் சொல்லையும் ஒரே பதிவில் வைக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மரநிழலில் கூட்டமாகப் படுத்திருக்கும் புள்ளிமான்களின் பெயர், இப்படிப் பார்த்தால் ஒரு காலத்தில் எல்லா விலங்குக்கும் பொதுவாக இருந்த ஒரு சொல்லின் உறவு.

அளவாகிய மாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணக்கில் அது இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒன்று வரும், அதன் பெயர் அதனாலேயே மாகாணி. நிலத்தின் அளவாகவும் மா வழங்கியது. பிசிராந்தையார் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புறநானூற்றுப் பாட்டில், நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் விளைச்சல் யானைக்குப் பல நாள் போதும் என்று வருவது அந்த அளவுதான். இப்போது இங்கே நிலத்தைப் பேர்ச்சிலும் ஏக்கரிலும் அளக்கிறார்கள். மா போய்விட்டது, காணி மட்டும் அளவை உதறிவிட்டு நிலத்துக்கே பெயராக நிற்கிறது.

பெருமை குறிக்கும் மாவிடம் வரும்போது விஷயம் சிக்கலாகிறது. மாவட்டம் என்ற சொல்லில் இருப்பது இதுதான். ஆனால் இது தமிழின் சொந்தச் சொல்லா, அல்லது வடமொழியின் மஹா குறுகி வந்ததா என்பதில் அறிஞர்கள் ஒருமித்துப் பேசவில்லை. மிகப் பழைய தமிழ்ப் பாடல்களிலேயே அது தாராளமாக வருகிறது, அங்கே பெருமையோடு கருமையும் அதற்குப் பொருளாக இருக்கிறது, மாயோன் என்னும் பெயரும் மாமை என்னும் நிறச்சொல்லும் அதைக் காட்டுகின்றன. மறுபுறம், மஹா என்பது தமிழில் மா என்று குறுகுவதற்கும் ஐயமற்ற எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. இரண்டு ஊற்றுகள் ஒரே வாய்க்காலில் கலந்துவிட்டன என்று கொள்வதே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. அப்படிக் கலந்த பிறகு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே விசாரிக்க வேண்டுமே தவிர, ஒரே தீர்ப்பை எல்லாவற்றுக்கும் எழுதிவிட முடியாது.

அந்த விசாரணைக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மலைநாட்டில் தோன்றி 335 கிலோமீற்றர் பயணம் செய்து, கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் ஆற்றை நம் முன்னோர் மாவலி கங்கை என்று அழைத்தனர். தமிழ்க் காதுக்கு மாவலி என்றவுடன் வாமனனுக்கு மூன்றடி மண் கொடுத்த அரசன் நினைவுக்கு வருவான். வலி என்பதை வலிமை என்று கொண்டு பெருவலி படைத்த ஆறு என்று விளக்குவோரும் உண்டு. சிங்களத்தில் இதன் பெயர் மஹவெலி. மஹ என்றால் பெரிய, வெலி என்றால் மணல். பாலி நூல்களில் வரும் மஹாவாலுகா என்னும் பழைய பெயரிலும் வாலுகா என்பது மணலே. ஆகவே பெயரின் பிறப்பில் இருப்பது பெருமணல்தான், அரசனோ வலிமையோ அன்று. ஆயினும் தமிழ் வடிவம் பிழையானது என்று தள்ளிவிடுவதும் தவறு. ஒரு மொழியின் பெயர் இன்னொரு மொழிக்குள் வரும்போது, அந்த மொழி தனக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டு அதைத் தன்னுடையதாக்கிக்கொள்வது உலகெங்கும் நடப்பது. மாவலி என்னும் வடிவம் தமிழ்ப் பேச்சில் உருவானது, தமிழர் வாயில் தலைமுறைகளாக வாழ்ந்தது. பெயர் எங்கே பிறந்தது என்பதும், எவ்வளவு காலமாக நம்மிடம் வாழ்கிறது என்பதும் இரண்டு கேள்விகள். இடப்பெயர்களை வைத்து உரிமைகளைப் பேசும் இந்த மண்ணில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் விளையும் கசப்பு கொஞ்சமன்று. ஓரெழுத்து ஒற்றுமையை மட்டும் காட்டி ஓர் ஊரின் பெயரைத் தம்முடையதென்று எந்தத் தரப்பு நிறுவ முயன்றாலும், அது சான்றாகாது என்று சொல்லும் பொறுப்பு மொழியை நேசிக்கிறவர்களுக்கு இருக்கிறது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர் மாஷா அல்லாஹ் என்பார். அந்தத் தொடரின் தொடக்கத்திலும் ஒரு மா இருக்கிறது. அரபு மொழியில் அதன் பொருள் ‘எது’ என்பது. தொடர் முழுவதற்கும் ‘அல்லாஹ் எதை நாடினானோ அது’ என்று பொருள். எபிரேய மொழியிலும் ‘என்ன’ என்பதற்கு மா என்றே சொல்வார்கள், அங்கே உறவு உண்மையானது, இரண்டும் செமித்தியக் குடும்பத்து மொழிகள். அரபில் இதே மா ‘இல்லை’ என்று மறுக்கவும் பயன்படுகிறது. தண்ணீரைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய இதே ஒலிதான், முடிவில் ஹம்ஸா என்னும் தொண்டை நிறுத்தம் மட்டும் சேரும்.

வடமொழியிலும் ஒரு மா இருக்கிறது, அதன் பொருள் ‘வேண்டாம், செய்யாதே’ என்பது. அன்றிற் பறவையை வீழ்த்திய வேடனைப் பார்த்து வால்மீகி சொன்ன சுலோகம் மா நிஷாத என்று தொடங்குவது இந்த மாவினாலே. கிரேக்க மொழியின் விலக்குச் சொல்லாகிய மே இதன் உடன்பிறப்பு. இப்போது அரபு மாவும் வடமொழி மாவும் ஒலியிலும் ஒன்று, மறுப்பு என்னும் பொருளிலும் நெருக்கம். இரண்டும் ஒரே மூலத்தவை என்று முடிவு செய்யத் தூண்டும் இடம் இது, ஆனால் செய்யக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் குடும்பத்தில் பழைய வடிவங்கள் கிடைக்கின்றன. அந்த இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் இந்த ஒலிக்கு இந்த ஒலி என்று பல சொற்களில் திரும்பத் திரும்பக் காணக்கூடிய ஒழுங்கு நிறுவப்படவில்லை. அந்த ஒழுங்கு இல்லாமல் ஒற்றைச் சொல்லின் ஒப்புமை எதையும் நிறுவாது. பழந்தமிழில் மா என்றால் குதிரை என்பதும் சீன மொழியிலும் மா என்றால் குதிரை என்பதும் இப்படிப்பட்டதே. சீனத்தில் அதே ஒலியைச் சுருதி மாற்றிச் சொன்னால் அம்மா, சணல், திட்டுதல் என்று பொருள் மாறிவிடும். குதிரைக்குரிய சொல்லின் பழைய வடிவத்திலோ மகரத்தை அடுத்து ஓர் ரகரமும் இருந்ததாக அம்மொழி வரலாற்றாய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். இரண்டு குதிரைகளையும் ஒரே வண்டியில் பூட்ட முடியாது. சொல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்குத் தற்செயல் ஒப்புமை எளிது. இரண்டு மூன்று அசைகள் ஒத்துவந்தால்தான் உறவைப் பற்றிப் பேசவே தொடங்கலாம்.

உறவும் கடனும் இல்லாமல், வெறும் தற்செயலும் இல்லாமல் ஒலிகள் ஒன்றுபடுவதற்கு மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. இதழ்களை மூடித் திறந்தால் மகரம், வாயைத் திறந்தால் ஆகாரம். பாலுக்கு அழும் குழந்தைக்கு இதைவிட எளிய ஒலி இல்லை, அதைத் தம்மை அழைப்பதாகப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இதை விரிவாக விளக்கினார். அம்மா, உம்மா, மா, மம்மா என்று உலகெங்கும் தாய்க்கு மகரம் அமைந்திருப்பதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் குழந்தையின் வாய்தான். ஜோர்ஜிய மொழியில் மாமா என்றால் தகப்பன் என்பது, ஒலியை யாருக்குச் சூட்டுவது என்பதை அந்தந்தச் சமூகமே முடிவு செய்கிறது என்பதைக் காட்டுகிறது.

தமிழருக்கும் சிங்களவருக்கும் மாமா என்றால் தாயின் சகோதரர்தான். ஆனால் குறிலாக மம என்று சிங்களத்தில் சொன்னால் அது ‘நான்’. வடமொழியில் ‘என்னுடைய’ என்று பொருள்படும் மம என்னும் வடிவம் சிங்களத்தில் எழுவாயாகி நிற்கிறது, எழுத்து வழக்கில் ‘என்னை’ என்பதற்கு மா என்றே வரும். புதிதாகச் சிங்களம் படிக்கும் நம் பிள்ளைகள் ‘மம யனவா’ என்பதை மாமா போகிறார் என்று எடுத்துக்கொள்வதுண்டு. இரண்டு மாத்திரைகளின் வேறுபாடு நான் போவதை மாமா போவதாக மாற்றிவிடுகிறது.

சொல் ஒன்று உண்மையிலேயே பயணம் செய்திருந்தால் அது எப்படிப்பட்ட தடயத்தை விட்டுச் செல்லும் என்பதை மாங்காயைக் கொண்டு காட்டலாம். சந்தையில் அம்பலவியோ கறுத்தக்கொழும்பானோ குவிந்திருக்கும் காலத்தில், சிங்களத்தில் கேட்பவர் அம்ப என்பார். அது வடமொழியின் ஆம்ர பாலியில் அம்ப ஆகி வந்த வழி, இந்தியின் ஆம் என்பதும் அதே வழியில் வந்ததே. அருகில் நிற்கும் வெளிநாட்டவர் மேங்கோ என்பார். சிங்களச் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை. தமிழின் மாங்காய் மலாய் மொழியில் மங்கா ஆயிற்று. போர்த்துக்கேயர் அதை மங்கா என்று எழுதினர். அவர்களிடமிருந்து ஐரோப்பிய மொழிகள் பெற்றன. போர்த்துக்கேயர் மலையாளக் கரையில் மாங்ங என்று கேட்டு எடுத்தார்களா, மலாய் வழியாகப் பெற்றார்களா என்பதில் அகராதிகள் வேறுபடுகின்றன. இரண்டில் எதுவானாலும் ஊற்று ஒன்றே.

இதை நம்புவதற்குக் காரணம் முதலிலுள்ள மா அன்று, அது எங்கும் கிடைக்கும். அடுத்து வரும் ஙகரமும் ககரமும்தான் காரணம். மா என்னும் மரப்பெயரும் காய் என்னும் சொல்லும் சேரும்போது இடையில் மூக்கொலி தோன்ற வேண்டும் என்பது தமிழின் புணர்ச்சி விதி. கடல் கடந்த சொல் அந்த மூக்கொலியையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கிறது. பழத்தின் பெயர் சென்றிருந்தால் பகரத்துக்கு முன் மகரம் வந்திருக்கும், மாம்பழத்தில் இருப்பதுபோல. மேங்கோவில் இருப்பது ஙகரம். கனிந்து இனித்ததைத் தின்றுகொண்டே ஐரோப்பியர் இன்றுவரை சொல்வது காயின் பெயரைத்தான்.